வாடை போகும் வரை

கருத்தப்பாண்டி, தந்தை பெயர் சண்முகையா, பிறந்தது 1976ஆம் ஆண்டு ஆவணி மாதம். ஊர், சங்கரன்கோவில் வட்டத்தில் மேலநீலிதநல்லூருக்குக் கிழக்கே உள்ள நடுவோடைப்பட்டி. சொந்த நிலம் இல்லை. தொழில், பிறர் நிலத்துப் பயிருக்கு மருந்து தெளிப்பது. 2003 முதல் 2011 வரை கையால் அடித்து இயக்கும் தெளிப்பான். 2012 முதல் பெட்ரோல் தெளிப்பான். 2018 முதல் பேட்டரி தெளிப்பான். இப்போது அவரிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டும் பதினாறு லிட்டர் பிடிப்பவை. மஞ்சள் நிறத்தது பூச்சி மருந்துக்கு, நீல நிறத்தது களைக்கொல்லிக்கு. நீலத் தெளிப்பான் வாங்கிய 2021 ஆவணியிலிருந்து இந்த ஏற்பாட்டை அவர் மீறியதில்லை. மீறிய ஒரே நாள் 2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை.

அவர் தொழிலுக்கு வந்த ஆண்டில் நடுவோடைப்பட்டியின் கரிசல் முழுவதும் பருத்தியும் உளுந்தும் கம்புமாக இருந்தது. களை என்றால் ஆள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அவருடைய மனைவி பேச்சி இருபத்திரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு களையெடுக்கப் போவார். ஆளுக்கு ஒரு நிரை. நிலத்தின் இந்தக் கரையில் தொடங்கி அந்தக் கரை வரை நீளும் ஒற்றை வரிசைதான் நிரை. அதைப் பிடித்தவர் கடைசிச் செடி வரை பொறுப்பு. 2013 வாக்கில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வாங்கும் லாரிகள் ஊருக்குள்ளேயே வரத் தொடங்கின. பருத்தி எடுக்க ஆள் தேடிச் சலித்தவர்கள் ஒவ்வொருவராகச் சோளத்துக்கு மாறினார்கள். சோளத்துக்குக் களையெடுக்க ஆள் வேண்டாம், களைக்கொல்லி போதும். அதைத் தோளில் சுமந்து நிலம் நிலமாக நடந்தவர் கருத்தப்பாண்டி. பேச்சியின் கூட்டம் ஒன்பதாகச் சுருங்கியது, பிறகு நான்கு, பிறகு பேச்சி மட்டும்.

"எங்க இருவத்திரண்டு பேரையும் ஒரு புட்டிக்குள்ள போட்டு மூடிட்டியளே" என்று பேச்சி ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஊரில் அவருக்கு மூக்காண்டி என்று இன்னொரு பெயர் உண்டு. அது கேலிப் பெயர் இல்லை. அங்கே பயிருக்கு ஊற்றுகிற எல்லாவற்றுக்கும் மருந்து என்றுதான் பெயர். பூச்சியைக் கொல்வதும் மருந்து, களையைக் கொல்வதும் மருந்து, பயிரைத் தழைக்க வைப்பதும் மருந்து. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டின் எழுத்து, கண்ணாடி போட்டவருக்கும் தெரியாத பொடி எழுத்து. ஆகவே மருந்தை எல்லோரும் மூக்கால்தான் படித்தார்கள். எல்லோரிலும் நன்றாகப் படித்தவர் கருத்தப்பாண்டி. 2016இல் ராயகிரியிலிருந்து ஒருவர் ஒரு புட்டியைப் பைக்குள் வைத்துப் பஸ் ஏறி வந்தார். மூடியைத் திறந்த மாத்திரத்தில், "இது மருந்தில்ல அண்ணாச்சி. மண்ணெண்ணெயும் சாயமும்" என்றார் கருத்தப்பாண்டி. அந்தப் பேச்சு மூன்று ஊர் சுற்றி வந்தது.

தெளிப்பானைக் கழுவுவதற்கும் அங்கே எண்ணிக்கை கிடையாது. வாடை போகும் வரை கழுவ வேண்டும், அவ்வளவுதான். பூச்சி மருந்து மூன்று கழுவலில் போகும். சோளத்தில் முளைக்கும் அகன்ற இலைக் களைகளை அழிக்க ஒரு களைக்கொல்லி உண்டு. பினாயிலைப் போல வாடை அடிக்கும் அது, ஐந்து கழுவலுக்கும் போகாது, சில நாள் ஏழு ஆகும். சோளத்தை ஒன்றும் செய்யாத அந்த மருந்து பருத்திக்கு எமன். கருத்தப்பாண்டி வாயகன்ற மூடியைத் திறந்து, முகத்தை உள்ளே கவிழ்த்து மூச்சை இழுத்து, "போயிட்டு" என்று சொன்னால் போதும். அந்தத் தெளிப்பானை அடுத்த நிமிடமே பருத்திக்குள் கொண்டு போகலாம்.

2021 ஆனியில் அவருக்குக் கொரோனா வந்தது. பதினோரு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்ட அன்று பேச்சி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார். தெருவே அந்த வாசனையில் இருந்தபோது, "என்னட்டி, இன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கலையா?" என்று கேட்டார் கருத்தப்பாண்டி. வாசனை தெரிவது ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். திரும்பவில்லை.

விஷயம் பேச்சிக்கு மட்டும் தெரியும். யாராவது புட்டியை நீட்டினால், கருத்தப்பாண்டி வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோவார். நிறத்தைப் பார்ப்பார், ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்ப்பார், நீட்டியவர் முகத்தில் சந்தேகம் இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு ஒன்றைச் சொல்வார். இதுவரை பிசகியதில்லை. பிசகப்போகும் நாள் ஒன்று உண்டு என்ற அச்சம் ஒவ்வொரு புட்டியோடும் கைக்கு வந்தது. மூக்கை நம்ப வேண்டாத ஒரு வழியாகத்தான் நீலத் தெளிப்பானை வாங்கினார். இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால் கழுவியதை மோந்து பார்க்கத் தேவையில்லை.

"மூக்கு செத்துப்போச்சுன்னு ஊருக்குச் சொல்லிப்போடுங்க" என்பார் பேச்சி. "எதுக்குக் கெடந்து நடுங்குதிய?"

"சொன்னா, மறுநாளே அந்தத் தும்பியக் கூப்பிட்டுருவானுவ."

தும்பி என்று அவர் சொன்னது டிரோனை. 2024இல் மேலநீலிதநல்லூர்ப் பெண்கள் குழு ஒன்றுக்கு அது வந்தது. சுமதி என்ற பெண் பயிற்சி பெற்று அதைப் பறக்கவிட்டார். கருத்தப்பாண்டி அரை நாள் நடந்து தெளிக்கும் ஒரு ஏக்கரை அது பத்து நிமிடத்தில் முடித்தது. முதன்முதலாக அது தன் சோளத்துக்கு மேல் பறப்பதைப் பார்த்த உள்ளூர் விவசாயி பெத்துராஜ், பத்துப் பேருக்கு நடுவே கருத்தப்பாண்டியின் தோளைத் தட்டினார்.

"ஏலே மூக்காண்டி, பயப்படாத. அந்தத் தும்பிக்கு எல்லாம் இருக்கு, மூக்கு மட்டும் இல்ல பாத்தியா? அதுக்கு மூக்கு முளைக்கது வரைக்கும் உன் பொழப்பு ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். கருத்தப்பாண்டியும் சிரித்தார்.

நவம்பர் 13ஆம் தேதி அவர் நீலத் தெளிப்பானில் பெத்துராஜின் சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தார். மறுநாள் பார்வதியம்மாளின் பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்க வேண்டும்.

பார்வதியம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. கணவர் இறந்து ஆறு ஆண்டாகிறது. மகன் சங்கர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். உறவில் கருத்தப்பாண்டிக்கு மதினி. ஊருக்கு வடக்கே பார்வதியம்மாளுக்கு எண்பது சென்ட் நிலம். அதன் மூன்று பக்கமும் 2022இல் ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்துச் சூரியத் தகடுகளைப் பதித்துக் கம்பிவேலி போட்டுவிட்டது. குத்தகை இருபத்தெட்டு ஆண்டு. நடுவில் நிற்கும் எண்பது சென்ட்டையும் கேட்டுத் தரகர் சுடலைராஜ் வெள்ளைக் காரில் வந்து போய்க்கொண்டிருந்தார். இந்த ஆண்டு பார்வதியம்மாள் யாரும் எதிர்பாராமல் பருத்தி ஊன்றினார். நாற்பத்தெட்டு நிரை, நிரைக்கு நூற்றிருபது செடி. அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான் பருத்தி.

"மகன் ஒத்தக்கால்ல நிக்கான், குடுத்துரும்மான்னு" என்று அவர் கருத்தப்பாண்டியிடம் சொல்லியிருந்தார். "இந்தப் பருத்தியப் பாத்துட்டுச் சொல்லுதேம்லேன்னு மார்கழி வரைக்கும் தவணை வாங்கியிருக்கேன். டிசம்பர் பதினஞ்சுக்கு சுடலைராஜு பத்திரத்தோட வருவான். பருத்தி தேறுச்சுன்னா வந்த வழியே போவான். தேறலன்னா கையெழுத்துதான். அப்புறம் நான் செத்தாலும் அந்தக் கம்பிவேலிக்குள்ள கால் வைக்க முடியாது."

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் தெளிப்பானின் பேட்டரி உயிர் பிடிக்கவில்லை. இரவெல்லாம் மின்னேற்றியும் பச்சை விளக்கு எரியவில்லை. நீலத்தின் பேட்டரி இதற்குப் பொருந்தாது. கிழக்கே மழை மூட்டம் கட்டியிருந்தது. இலைக்கு அடியில் தத்துப்பூச்சி ஏறிவிட்டது, மழைக்கு முன்னால் அடித்தாக வேண்டும் என்று பார்வதியம்மாள் இரண்டு முறை போனில் கூப்பிட்டுவிட்டார். கருத்தப்பாண்டி நீலத் தெளிப்பானை எடுத்துக்கொண்டு பம்புசெட்டுத் தொட்டிக்குப் போனார். தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தார். மூடியைத் திறந்து முகத்தை உள்ளே கொண்டுபோய் மூச்சை இழுத்தார்.

வாடை இல்லை.

"போயிட்டு" என்று சொல்லிக்கொண்டார்.

மூக்கு உயிரோடிருந்த பதினெட்டு ஆண்டுகளின் பழக்கம் அப்படிச் சொல்ல வைத்தது. ஒரே கழுவலில் அந்த மருந்தின் வாடை போனதாக அவர் வாழ்நாளில் நடந்ததில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மழை மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பூச்சி மருந்தைக் கலந்தார். மேற்குக் கரையிலிருந்து தொடங்கினார். ஒரு டேங்குக்கு ஆறு நிரை. நாலாவது டேங்கு தீரும்போது பார்வதியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பத்தடி தள்ளி நின்றவர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"ஏ கருத்தப்பாண்டி, என்னப்பா இது? கக்கூஸ் கழுவுத பினாயில் மாதிரில்லா வாடை அடிக்கு. புது மருந்தா?"

கருத்தப்பாண்டியின் கை தெளிப்புக்குழலின் விசையை விட்டது. முதுகில் இருந்த தெளிப்பான் திடீரென்று கனத்தது. இருபத்திநாலு நிரை அவருக்குப் பின்னால் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.

"ஆமா மதினி" என்றார். "புதுசுதான்."

"நல்லாக் கேக்குமா?"

"கேக்கும்."

பேட்டரி தீர்ந்துவிட்டது, மிச்சத்தை நாளைக்கு அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். சொம்புத் தண்ணீரைக் குடிக்காமலே வந்துவிட்டதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தார். நீலத் தெளிப்பானின் மூடியைத் திறந்து பேச்சியின் முகத்துக்கு நேரே நீட்டினார். பேச்சி தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"சோளக் களை மருந்துல்லா இது? கழுவலையா?"

"கழுவுனேன்."

"எத்தன தரம்?"

அவர் ஒரு விரலைக் காட்டினார். விளங்கியதும் பேச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் மஞ்சள் தெளிப்பானுக்கு வேறு பேட்டரி மாட்டி மிச்சமிருந்த இருபத்திநாலு நிரையை முடித்தார். முடித்த கையோடு சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினார். அவர் வழக்கமாக மருந்து வாங்கும் கடை ஷேக் ஃபரீத்துடையது.

"பாய், பனவடலிசத்திரத்துல ஒருத்தன்" என்று தொடங்கினார். "சோளத்துக்கு அடிச்ச டேங்க ஒழுங்காக் கழுவாம பருத்திக்கு அடிச்சிட்டானாம். என்ன ஆகும்னு கேக்கான்."

"யாரு அண்ணாச்சி அந்த அறிவுகெட்டவன்?"

"உங்களுக்குத் தெரியாது."

ஷேக் ஃபரீத் பில் புத்தகத்தை மூடினார். "மூணாம் நாளு தண்டு வளையும். ஒம்பதாம் நாளு புதுக்கொழுந்து வரும் பாருங்க, அதுலதான் தெரியும். பருத்தி இலை மாதிரி விரியாது. வெண்டை இலை மாதிரி விரல் விரலாப் பிரிஞ்சு சுருண்டு நிக்கும். கொஞ்சமாப் பட்டிருந்தா ஒரு மாசத்துல நேராத் துளிர்க்கும். நிறையப் பட்டிருந்தா அப்படியே நின்னுரும், மொட்டுச் சப்பை புடிக்காது. சப்பை இல்லாம பூ ஏது, காய் ஏது?"

"அதுக்கு எதும் மருந்து?"

"மருந்தாலதான அது வந்திருக்கு? காத்துக்கெடக்கதுதான் வழி." கடைக்காரர் சிரித்தார். "ஆமா, அவன் மோந்து பாக்கலையா? உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க மோந்து சொல்லியிருப்பியளே."

அன்று முதல் கருத்தப்பாண்டி விடிகாலையில் எழுந்து, பார்வதியம்மாள் வருவதற்கு முன்னால் வேலி ஓரமாகச் சுற்றிப்போய் அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முதல் இரண்டு நாளும் செடிகள் நன்றாகவே நின்றன. பச்சை கூடியிருப்பது போலக்கூட இருந்தது. மூன்றாம் நாள் மேற்குக் கரையோரச் செடிகளின் தலை கிழக்கே திரும்பியிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தார். காற்று இல்லை. ஒரு செடியின் தண்டைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார். கையை விட்டதும் அது பழையபடி வளைந்தது. பக்கத்துச் செடியும் அப்படியே. தகடுகளின் நிழலிலிருந்து யாரோ தன்னைப் பார்ப்பது போலிருக்க, குனிந்தபடியே வெளியே வந்தார்.

ஐந்தாம் நாள் பார்வதியம்மாள் போனில் கூப்பிட்டார். அவர் எடுக்கவில்லை. ஆறாம் நாள் மூன்று முறை. எட்டாம் நாள் பேச்சி போனை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"எடுத்துச் சொல்லுங்க. செடி வாய் திறந்து சொல்லதுக்கு முந்தி நீங்க சொல்லிருங்க."

"நாளைக்கு ஒம்பதாம் நாளு. கொழுந்தப் பாத்துட்டுச் சொல்லுதேன். நல்லா வந்துட்டா சொல்ல வேண்டியதே இல்லைல்லா?"

"நல்லா வராதுன்னு உங்களுக்கே தெரியும். அதாம் இந்த நடுக்கம்."

ஒன்பதாம் நாள், நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. அவர் போவதற்கு முன்னால் அங்கே ஆள் இருந்தது. வரப்பில் பார்வதியம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மருந்துப் புட்டி. பக்கத்தில் பெத்துராஜ் கையில் ஒரு செடியின் நுனியைக் கிள்ளி வைத்துக்கொண்டு நின்றார். அந்த நுனியில் இருந்தது பருத்தி இலை இல்லை. ஐந்து மெல்லிய விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன.

"வா வா" என்றார் பெத்துராஜ். "மூக்காண்டி வந்துட்டான்ல, இப்ப தெரிஞ்சிரும். மதினி, புட்டிய எடுங்க."

பார்வதியம்மாள் புட்டியை நீட்டினார். "மொத நாளு நீ அடிச்சிட்டு வரப்புலயே போட்டுட்டுப் போன புட்டிதான். அடியில கொஞ்சம் கெடக்கு. பாய் கடையில புதுசுன்னு போலியக் குடுத்துட்டானான்னு பாரு. அன்னைக்கே ஒரு மாதிரி வாடை அடிச்சிதுல்லா? மோந்து சொல்லுப்பா. நீ சொல்லிட்டா நாங்க போயிக் கேட்டுக்கிடுதோம்."

"கேக்கதா?" என்றார் பெத்துராஜ். "நாலு பேரோட போயிக் கடைய இழுத்து மூடிட்டு வந்துருவோம்."

கருத்தப்பாண்டி புட்டியை வாங்கினார். மூடியைத் திருகினார். மூக்கருகே கொண்டுபோனார். இருவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளாக அவர் அஞ்சிய நாள் இதுதான். ஆனால் இப்படி வரும் என்று நினைத்ததில்லை. பிசகினால் பழி தன் மேல் வரும் என்றுதான் அஞ்சியிருந்தார். இங்கே ஒரு சொல் சொன்னால் தன்னை விட்டுவிடும். வேறொருவர் மேல் போய் விழும்.

மூச்சை இழுத்தார். வெறும் காற்று.

"வாடை தெரியல" என்றார்.

"சொன்னேம்லா!" பெத்துராஜ் தொடையில் தட்டினார். "வாடையே இல்லையாம்! மருந்துக்குப் பதிலா என்னத்தையோ அடைச்சிக் குடுத்திருக்கான். மதினி, எந்திரிங்க. வண்டிய எடுக்கேன்."

பார்வதியம்மாள் எழுந்துவிட்டார். பெத்துராஜ் வண்டியை நோக்கிப் பத்தடி போய்விட்டார். எதையும் சொல்லாமல் நின்றாலே போதும். கருத்தப்பாண்டி புட்டியின் மூடியைத் திருகினார். அது சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திருகினார்.

"பெத்துராஜு, நில்லு வே" என்றார். "வாடை இல்லாதது மருந்துல இல்ல. என் மூக்குல."

பெத்துராஜ் திரும்பி வந்தார். கருத்தப்பாண்டி நின்ற இடத்திலேயே நின்று, காய்ச்சலில் தொடங்கி, ஒரே ஒரு கழுவல் வரை, வரிசை பிசகாமல் சொல்லி முடித்தார். சொல்லும்போது பார்வதியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. சுருண்ட அந்தக் கொழுந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருசமா?" என்றார் பெத்துராஜ். "ஏலே, அப்ப என் சோளத்துக்கெல்லாம் குருட்டு மூக்க வச்சிக்கிட்டா அடிச்ச? போன வருசம் ஒரு புட்டியக் குடுத்து நல்லதான்னு கேட்டேன். தலைய ஆட்டுனியே."

"ஆட்டுனேன்."

பெத்துராஜ் கையிலிருந்த கொழுந்தை வரப்பில் போட்டார். பார்வதியம்மாள் மறுபடி வரப்பில் உட்கார்ந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன நிரை?"

"மேக்க இருந்து இருவத்திநாலு."

"அன்னைக்கு நான் கேக்கும்போதே சொல்லியிருந்தா, தண்ணிய வச்சாவது அலசியிருப்பேன்."

அலசினாலும் போயிருக்காது என்று அவர் சொல்லவில்லை. சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. ஷேக் ஃபரீத் சொன்ன ஒரு மாதத்தை மட்டும் சொன்னார். கொஞ்சமாகப் பட்ட செடி நிமிரும், நிறையப் பட்டது நிமிராது.

"பேச்சியக் கூட்டிட்டு வா" என்றார் பார்வதியம்மாள். "எண்ணணும். எத்தன கெட்டுதுன்னு இன்னைக்கு எண்ணுவோம். எத்தன நிமிந்துதுன்னு டிசம்பர் பதினாலு எண்ணுவோம். கெட்டதுல பாதிக்கு மேல நிமிந்தா பருத்தி தேறுனதா வச்சுக்கிடுதேன். நிமிரலன்னா மறுநா காலையில கையெழுத்து. நீ அழுதாலும் சரி, நான் அழுதாலும் சரி."

பேச்சி தன் பழைய கூட்டத்தில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் ஒரு நிலத்தில் நிரை பிடித்தார்கள். பழைய சேலை ஒன்றைக் கிழித்து நாடாவாக்கி, கொழுந்து சுருண்ட ஒவ்வொரு செடியிலும் ஒன்று கட்டினார்கள். முதல் டேங்கு அடித்த ஆறு நிரையில் ஒரு செடிகூடத் தப்பவில்லை: 720. இரண்டாவது டேங்கு: 718. மூன்றாவது: 596. நான்காவது: 282. மொத்தம் 2,316. அதில் பாதி 1,158.

செய்தி அன்று மாலைக்குள் ஊரைச் சுற்றியது. மறுவாரம் கருத்தப்பாண்டியின் போன் ஒலிக்கவில்லை. வடக்கே டிரோனின் இரைச்சல் மூன்று நாள் கேட்டது. அதன் பிறகு இரண்டு பேர் கூப்பிட்டார்கள், இருவரும் ஒரே நிபந்தனையோடு.

"பொண்டாட்டி மூக்கோட வாரதுன்னா வா."

பேச்சி கூடப் போனார். தொட்டியடியில் நின்று, ஒவ்வொரு கழுவலுக்கும் மோந்து பார்த்து, "இன்னும் போகல" என்றார். ஆறு முறை சொல்ல வைத்தார். ஏழாவது முறைதான் தலையாட்டினார்.

நவம்பர் கடைசியில் நல்ல மழை. டிசம்பர் முதல் வாரத்தில் வெயில். கருத்தப்பாண்டி இப்போது ஒளிந்து போகவில்லை, ஆனாலும் தினமும் போனார். சில செடிகளில் சுருண்ட விரல்களுக்கு மேலே ஒரு சிறு கொழுந்து அகலமாக விரியத் தொடங்கியிருந்தது. மறுநாள் பார்த்தால் அதுவும் மடங்கியது போல இருக்கும். எந்தச் செடியை நேற்றுப் பார்த்தோம் என்று அவருக்கே குழம்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் அளவுக் கல் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அந்தக் கற்கள் எந்த நிலத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. இரவுத் தூக்கம் எண்களாகக் கழிந்தது. ஆயிரத்து நூற்று ஐம்பத்தெட்டு என்று அவர் தூக்கத்தில் முனகியதாகப் பேச்சி சொன்னார்.

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எண்ணத் தொடங்கினார்கள். பேச்சியும் ஐந்து பெண்களும் நிரை பிடித்தார்கள். செடி நுனியில் உள்ள புதுக்கொழுந்து மூன்றும் நேராக விரிந்திருந்தால் மட்டும் நாடாவை அவிழ்க்க வேண்டும். இரண்டு நேராக, ஒன்று சுருண்டிருந்தால் விட்டுவிட வேண்டும். அப்படித்தான் பார்வதியம்மாள் சொல்லியிருந்தார். கருத்தப்பாண்டியை நிலத்துக்குள் இறங்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் வரப்பில் நின்றார். பெத்துராஜ் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். சாலையில் வெள்ளைக் கார் ஒன்று, ஒரு நாள் முன்னதாகவே, கதவு திறந்தபடி நின்றுகொண்டிருந்தது.

முதல் ஆறு நிரையில் அவிழ்ந்தவை 97. பெண்கள் கரையேறி நாடாக்களை ஒரு பனை ஓலைப் பெட்டியில் போட்டபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த ஆறில் 301. மூன்றாவது ஆறில் 502. மொத்தம் தொள்ளாயிரம்.

"இன்னும் எத்தன வேணும்?" என்றார் பெத்துராஜ் தணிந்த குரலில். மூன்று வாரங்களுக்குப் பிறகு அவர் கருத்தப்பாண்டியிடம் பேசிய முதல் பேச்சு அது.

"எரநூத்தி அம்பத்தொம்பது."

"கடைசி ஆறு நிரையில மொத்தமே எத்தன கட்டியிருக்கு?"

"எரநூத்தி எம்பத்திரண்டு."

பெண்கள் கடைசி ஆறு நிரைக்குள் இறங்கினார்கள். பேச்சி நடுவில். ஒவ்வொரு செடியிலும் நின்று, கொழுந்தை விரலால் விரித்துப் பார்த்து, அவிழ்த்தார் அல்லது அவிழ்க்காமல் கடந்தார். தூரத்திலிருந்து இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கருத்தப்பாண்டி இரண்டு கைகளையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். கிழக்குக் கரையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாகப் பேச்சி ஏறினார். ஓலைப் பெட்டியை வரப்பில் கவிழ்த்தார்கள். பார்வதியம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாடாக்களைப் பத்துப் பத்தாகக் கூறு வைத்து, முதலிலிருந்து, தானே, சத்தமாக எண்ணினார்.

கட்டிய நாடாக்கள்: 2,316. பாதி: 1,158. அவிழ்த்தவை: 1,174.